திருமதி அன்னத்தாய், ஸ்ரீவில்லிபுத்தூர், ரூ. 5

ஸ்ரீவில்லிபுத்தூர்
10.4.96

தம்பி தேவஇரக்கத்துக்கு,

ஸ்தோத்திரம் சொல்லி ஆரம்பிக்க இன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்தில் சோறு வடித்துச் சாம்பார் இறக்குகிற நேரம். ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். அரிசி இருப்பைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து ஸ்டோர் ரூம் சாவியை எடுத்து நீட்டினேன். சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, அதே பையிலிருந்து ஒரு ரோஸ் கலர் நோட்டீஸை எடுத்தார். "இது நீங்கதானாம்மா?" என்று கேட்டார்.

சுயேச்சை வேட்பாளர் சோலைராஜுக்குத் தேர்தல் நிதி கொடுத்தவர்கள் என்று மேலே கொட்டை எழுத்து. கீழே இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் பெயர்கள். நான்காவது வரிசையில் நான் இருக்கிறேன். திருமதி அன்னத்தாய், ஸ்ரீவில்லிபுத்தூர், ரூ. 5.

சத்துணவு அமைப்பாளர் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள், அவள் ஒரு வேட்பாளருக்குப் பணம் கொடுத்தது குற்றம் என்று அன்று சாயங்காலமே தற்காலிக வேலை நீக்க உத்தரவு வந்துவிட்டது. விசாரணை என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறார்கள். அது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும்.

அந்த நோட்டீஸை அடித்தது நீ. எம்.எல்.ஏ.வைக் கவிழ்க்கப் போகிறேன் என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் வசூல் பண்ணுகிறவன் என் தம்பிதான் என்று பஸ்ஸில் வருகிறவர்கள்கூட என்னிடம் சொல்லிவிட்டார்கள். ஊருக்குள் உனக்கு ஆயிரம் பேர் கொடுக்கட்டும். நான் கொடுத்தேனா? ஐந்து பைசா கொடுத்தேனா?

இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று உனக்குத் தெரியாததா? உன் அத்தான் செத்து ஆறாம் மாதம். அந்த ஆள் அப்போது எம்.எல்.ஏ. ஆகவில்லை, கட்சியில் ஏதோ பொறுப்பில் இருந்தார். அவர் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தில்தான் நான் பதின்மூன்று வருஷமாகச் சோறு தின்கிறேன். அதற்காக அவர் செய்கிறதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளை இல்லாத எனக்கு மத்தியானம் ஆனால் நூற்று முப்பத்தேழு பிள்ளைகள். அதை ஒரு வரியில் அழித்துவிட்டாய்.

என் பேர் எப்படி அதில் வந்தது என்று பதில் எழுது. நேரில் வராதே. உன் முகத்தைப் பார்த்தால் என்ன பேசிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

அன்னத்தாய்


ராஜபாளையம்
13.4.96

அன்புள்ள அக்கா,

நமக்கு நடுவில் பஸ்ஸில் அரை மணி நேரம். நீ வராதே என்று சொன்னதால் தபாலில் வருகிறேன்.

உன் பேரைப் போட்டது நான்தான். அச்சாபீஸ்காரன் தவறு இல்லை, வேறு யாரும் சொல்லவும் இல்லை. எப்படி நடந்தது என்று எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டு.

மார்ச் 31 உன் பிறந்தநாள். வருஷா வருஷம் அன்றைக்கு இங்கே ஆலயத்தில் உன் பேருக்கு ஐந்து ரூபாய் ஸ்தோத்திரக் காணிக்கை வைப்பேன். "ஸ்ரீவில்லிபுத்தூர் அன்னத்தாய் அம்மாள் பிறந்தநாளுக்காக அவருடைய தம்பி" என்று போதகர் ஐயர் வாசிப்பார். இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. என் வீட்டுக்காரி ஏசம்மாள் உயிரோடு இருந்தபோது அவள்தான் கவரில் பேர் எழுதிக் கொடுப்பாள். அவள் போன பிறகும் நிறுத்தவில்லை.

இந்த வருஷம் குருத்தோலை ஞாயிறும் அன்றைக்கே வந்தது. சட்டைப் பையில் ஐந்து ரூபாய்தான் இருந்தது. மறுநாள் அச்சாபீஸுக்குக் கொடுக்க வேண்டிய பணம் குறைந்துகொண்டிருந்தது. காணிக்கைப் பை என் வரிசைக்கு வந்தபோது கையை இழுத்துக்கொண்டேன். இதுவும் நல்ல காரியம்தானே, ஆண்டவர் கோபிக்க மாட்டார் என்று வீட்டுக்கு வந்து டப்பாவில் போட்டேன். காணிக்கை யார் பேருக்கோ அவர் பேரைத்தானே எழுத வேண்டும்? அந்தப் பழக்கத்தில் நோட்டில் உன் பேரை எழுதினேன். எழுதும்போது சந்தோஷமாகத்தான் எழுதினேன். உன் வேலை அந்த நேரத்தில் என் புத்தியில் வரவே இல்லை.

பேரை ஏன் அச்சடித்தாய் என்று கேட்பாய். நானாகச் செய்யவில்லை. டீக்கடைப் பொன்னுராஜ் இரண்டு ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான், "அண்ணாச்சி, நோட்டீஸ்ல பேரு வருமா? கோயில் கொடைக்கு ஒத்த ரூவா குடுத்தாலும் பேரு போடுதான். நீங்க போடலேன்னா இந்தத் துட்டு எங்க போச்சுன்னு நாளைக்கு நாலு பேரு கேப்பான்லா?" அநேகமாக எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான். பேர் போடுகிறேன் என்று சொன்ன பிறகுதான் டப்பா நிறைந்தது. முந்நூற்று நாற்பத்தொரு பேர், அக்கா. எல்லாம் ஒன்றும் இரண்டும்தான், ஐந்தைத் தாண்டியவர் யாருமில்லை. நோட்டீஸ் கைக்கு வந்த அன்றைக்கு ஆளாளுக்குத் தன் பேரைத் தேடி விரல் வைத்துக் காட்டினார்கள். திருவிழா மாதிரி இருந்தது.

நான் வந்து அதிகாரியிடம் உண்மையைச் சொல்கிறேன். என் அக்காவுக்கு எதுவும் தெரியாது என்று எழுதிக் கொடுக்கிறேன். உத்தரவு கொடு.

உன் தம்பி
தேவஇரக்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
16.4.96

தம்பிக்கு,

தபால்காரர் படிப்பார் என்று தெரிந்தேதான் கார்டில் எழுதுகிறேன். படிக்கட்டும்.

நீ எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டாம். வரவும் வேண்டாம். ஆண்டவருக்கு வைத்த காணிக்கையை எடுத்து ஓட்டுப் பெட்டிக்குப் போட்டவன் நீ ஒருத்தனாகத்தான் இருப்பாய்.

என் பிறந்தநாள் எனக்கே ஞாபகமில்லை. உனக்கு ஏன் இருந்தது?

அன்னத்தாய்


ராஜபாளையம்
20.4.96

அன்புள்ள அக்கா,

கார்டு கிடைத்தது. நீ பதில் எழுதச் சொல்லவில்லை. ஆனால் எழுதாதே என்றும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் எழுதுகிறேன்.

எனக்கு இங்கே பேச ஆள் இல்லாமல் போய்விட்டது. நோட்டீஸை எம்.எல்.ஏ.வின் ஆட்கள் வரிசையாகப் பேனாவால் டிக் அடித்துக்கொண்டே போகிறார்கள். நாங்கள் தெருவாரியாகப் பேர் போட்டிருந்தோம், நன்றாக இருக்கும் என்று. அவர்கள் அலைய வேண்டிய வேலையே இல்லை. பொன்னுராஜ் கடைக்கு முன்னால் ஆக்கிரமிப்பு என்று கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். செல்லக்கனி என்று ஒரு கிழவி, முதியோர் பென்ஷன் வாங்குகிறவள், ஒரு ரூபாய் போட்டிருந்தாள். இந்த மாதம் மணியார்டர் வரவில்லை. இரண்டு பேர் வீட்டில் குழாயை அறுத்துவிட்டார்கள்.

முதலில் என்னைத் தேடி வந்தார்கள். "எம் பேர எடுத்துப்போடுங்க" என்றார்கள். அச்சான பேரை எப்படி எடுப்பது? இப்போது தேடியும் வருவதில்லை. நான் தெருவில் போனால் வாசலில் இருக்கிறவர்கள் எழுந்து உள்ளே போகிறார்கள். மில்லில் என் ரிங் பிரேம் மெஷினுக்குப் பக்கத்து ஆள்கூட ஷிப்டு மாற்றி வாங்கிவிட்டான். வசூலுக்குப் போன வீட்டுக்கெல்லாம் மறுபடியும் போய் மன்னிப்புக் கேட்டு வருகிறேன். வசூல் பண்ணும்போது முகம் பார்த்துப் பேசினார்கள். மன்னிப்புக் கேட்கும்போது கதவுக்குப் பின்னால் இருந்து பேசுகிறார்கள்.

இதெல்லாம் உனக்கு எதற்கு என்று கேட்பாய். இந்த வேலையை நான் ஏன் எடுத்தேன் என்று நீ ஒரு தடவையும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

எங்கள் காலனிக்கு வருகிற குடிநீர்க் குழாய் வால்வை இரண்டு வருஷமாக அடைத்தே வைத்திருந்தார்கள். தண்ணீர் லாரியில் வரும், குடம் அரை ரூபாய். லாரி யாருடையது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எம்.எல்.ஏ.வின் மச்சினனுடையது. போன ஆடியில் பக்கத்து வீட்டுச் சுடலைமாடத்தி குடத்தோடு லாரிக்குப் பின்னால் நின்றாள். டிரைவர் ரிவர்ஸ் எடுத்தான். நான் வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்றேன், அக்கா. நான்தான் ஸ்டேஷனில் சாட்சி சொன்னேன். ஒரு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் அப்படி ஒரு கேஸே இல்லை என்றார்கள். என் கையெழுத்துப் போட்ட காகிதம் இல்லை என்றார்கள். அவள் தானாக வழுக்கி விழுந்ததாக வேறு ஒரு காகிதம் இருந்தது.

சோலைராஜ் எங்கள் மில்லில் வேலை போனவன். அவன் நிற்கிறேன் என்றான், நான் டப்பா எடுத்தேன். இவ்வளவுதான்.

நீ சாப்பிடுகிறாயா? செலவுக்கு என்ன செய்கிறாய்? இந்த மாதச் சம்பளத்தில் பாதியை மணியார்டர் பண்ணுகிறேன். திருப்பி அனுப்பாதே.

தேவஇரக்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
27.4.96

தம்பி தேவஇரக்கத்துக்கு,

மணியார்டரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நான் தெருவில் நிற்கவில்லை. பால்கோவாக் கடை ஒன்றில் பாக்கெட் கட்டுகிற வேலைக்குப் போகிறேன். காலை எட்டு முதல் சாயங்காலம் ஆறு வரை. எடை போட்டு, எண்ணெய்த் தாளில் மடித்து, அட்டைப் பெட்டியில் வைக்க வேண்டும். கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் இருபது வயதுப் பெண்கள். என்னை ஆச்சி என்று கூப்பிடுகிறார்கள். ஐம்பத்திரண்டு வயதுக்குள் ஆச்சியாகிவிட்டேன்.

சுடலைமாடத்தி சேதியை நீ எனக்கு அப்போதே எழுதியிருக்கலாம். போன ஆடியில் நீ இரண்டு தடவை இங்கே வந்துபோனாய். இரண்டு தடவையும் சாப்பிட்டாய், மில்லில் போனஸ் பற்றிப் பேசினாய், போனாய். ஒரு பொம்பளை கண் முன்னால் செத்ததைப் பார்த்தவன் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் மோர் வாங்கிக் குடித்திருக்கிறான்.

மத்தியானம்தான் எனக்கு ஆகவில்லை. பன்னிரண்டே முக்காலுக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கும். கடையிலிருந்து கேட்காது, ஆனால் எனக்குக் கேட்கிறது. மூன்றாம் வகுப்பில் ஒருத்தி உண்டு, சாம்பாரில் கத்தரிக்காய் கிடந்தால் தட்டைத் திருப்பி நீட்டுவாள். அவளுக்கு இப்போது யார் பொறுக்கி எடுக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே ஒரு கால் கிலோப் பாக்கெட்டில் அரைக் கிலோ வைத்துவிட்டேன். முதலாளி பார்த்தார், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்புகிறேன். கால் அந்தப் பக்கம்தான் போகிறது. பிள்ளைகள் "டீச்சர்" என்று கத்துகின்றன. நான் டீச்சர் இல்லை என்று பதின்மூன்று வருஷமாகச் சொல்லியும் கேட்காத பிள்ளைகள்.

சுந்தரபாண்டியன் என்று எம்.எல்.ஏ.வின் ஆள் ஒருத்தன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். பேச வந்தான், பேசி அனுப்பிவிட்டேன். அது என்ன என்று உனக்குத் தெரிய வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுத் தங்கபாய் அவன் போகிற வரைக்கும் என் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளாவது இருக்கிறாள்.

இன்னும் நீ வர வேண்டாம்.

அன்னத்தாய்


ராஜபாளையம்
5.5.96

அன்புள்ள அக்கா,

ஓட்டுப் பதிவு முடிந்துவிட்டது.

பூத்தில் சோலைராஜுக்கு ஏஜெண்டாக உட்கார ஆள் கிடைக்கவில்லை. எங்கள் வார்டில் நான் உட்கார்ந்தேன். மற்ற பூத்துகளில் யாருமில்லை. காலை ஏழு முதல் சாயங்காலம் வரை ஒரே பெஞ்சில் இருந்தேன். இரண்டு பக்கத்துக் கட்சிக்காரர்களுக்கும் பிரியாணிப் பொட்டலம் வந்தது. எனக்கு யாரும் வாங்கித் தரவில்லை, நானும் எழுந்து போகவில்லை. எழுந்து போனால் சோலைராஜின் ஏணிச் சின்னத்துக்கு அந்த அறையில் ஒரு ஆள்கூட இருக்க மாட்டான்.

நோட்டீஸில் பேர் இருந்தவர்கள் வந்து விரலில் மை வைத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. செல்லக்கனி மட்டும் போகிற போக்கில் என் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள். அது எனக்குப் போதும் என்று எழுதலாம். போதவில்லை, அக்கா.

சுந்தரபாண்டியன் உன்னிடம் என்ன பேசினான்? மிரட்டினானா? எழுது.

தேவஇரக்கம்


ராஜபாளையம்
12.5.96

அன்புள்ள அக்கா,

எண்ணி முடித்துவிட்டார்கள். ரேடியோவில் கேட்டிருப்பாய். அந்த ஆள் தோற்றுவிட்டான். மாநிலம் முழுக்க அவர்கள் கட்சி அடிவாங்கியதில் அவனும் போனான். ஜெயித்தது இன்னொரு பெரிய கட்சியின் வேட்பாளர். எங்கள் சோலைராஜுக்கு இருநூற்று எண்பத்தேழு ஓட்டு. டெபாசிட் போய்விட்டது.

நீயே கணக்குப் போட்டுக்கொள். பணம் கொடுத்தவர்கள் முந்நூற்று நாற்பத்தொன்று. கொடுத்தவர்களிலேயே குறைந்தது ஐம்பத்துநாலு பேர் போடவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. குழாய் அறுபட்ட வீட்டுக்காரனை நான் என்ன முகத்தோடு கேட்பது?

சங்கடம் அதுவல்ல. நான் டப்பா எடுக்காமல் வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தாலும் அந்த ஆள் தோற்றிருப்பான். சோலைராஜ் நிற்காவிட்டாலும் தோற்றிருப்பான். பொன்னுராஜ் கொட்டகை நின்றிருக்கும். பள்ளிக்கூடம் திறந்ததும் நீ வழக்கம்போலச் சாம்பார் இறக்கியிருப்பாய். ராத்திரி வெடி வெடித்தார்கள். காலனியில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கும் சந்தோஷம் வரும் என்று நினைத்து வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டேன்.

இன்று காலையில் தண்ணீர் லாரி வந்தது. அதே லாரி, அதே டிரைவர். முன்னால் கட்டியிருக்கிற கொடி மட்டும் வேறு.

உன் முன்னால் வந்து நிற்க எனக்கு இப்போது ஒரு காரணம்கூட இல்லை. ஜெயித்திருந்தால் வந்திருப்பேன். இதற்காகத்தான் என்று சொல்லியிருப்பேன்.

தேவஇரக்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
17.5.96

தம்பிக்கு,

இருநூற்று எண்பத்தேழா? எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து ஓட்டுப் போட்டிருந்தாலும் அதில் பாதி விழுந்திருக்கும்.

சிரிப்பதற்காக எழுதினேன். சிரித்தாயா என்று தெரியவில்லை.

இப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்காதே. நீ போய்ச் சாட்சி சொன்னாய், நீ போய் டப்பா எடுத்தாய். செய்ததைச் செய்யவில்லை என்று ஆக்க யாராலும் முடியாது. எனக்கு உன் மேல் உள்ள கோபம் நீ தோற்றதில் இல்லை. அது வேறு. அதை எழுத எனக்கு இன்னும் வார்த்தை வரவில்லை. வரும்போது எழுதுவேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ராஜபாளையம்
28.5.96

அன்புள்ள அக்கா,

கடைசியில் "அக்கா" என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். அதை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எழுதினால் கேலி பண்ணுவாய்.

ஒரு காரியம் செய்தேன், கோபப்படாதே. உன் வேலைக்காகப் புது எம்.எல்.ஏ. ஆபீஸுக்குப் போனேன். மூன்று நாள் லீவு போட்டு மூன்று நாளும் வராந்தாவில் நின்றேன். மூன்றாம் நாள் உள்ளே கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் யார் என்று நினைக்கிறாய்? சுந்தரபாண்டியன். தோள் துண்டு மட்டும் மாறியிருக்கிறது. சட்டைகூட அதே சட்டை என்று நினைக்கிறேன்.

மனுவைப் படித்தான். படித்துவிட்டுச் சிரித்தான். "அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சு, அண்ணாச்சி. சித்திரையிலயே ஆர்டர் ஆயிட்டு" என்றான். பிறகு மனுவை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னான், "உங்கக்கா ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா அன்னிக்கே வேலை திரும்பிருக்கும். நானே காகிதத்த டைப் அடிச்சுக் கொண்டுபோனேன். எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். அவிய கேக்கல."

என்ன காகிதம் என்று கேட்டேன். சொன்னான்.

பஸ் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நான்கு போயிற்று. ஒன்றிலும் ஏற எனக்குத் தைரியம் வரவில்லை.

அவன் சொன்னது நிஜமா? நிஜம் என்றால் ஏன் என்னிடம் சொல்லவில்லை? ஒன்றரை மாதமாக நான் உன் பேரை எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. ஏன் கையெழுத்துப் போடவில்லை, அக்கா?

தேவஇரக்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
2.6.96

என் தம்பி தேவஇரக்கத்துக்கு,

இன்று ஆலயத்துக்குப் போகவில்லை. இந்தக் கடிதத்தை எழுதி முடிக்காமல் பாட்டுப் பாட முடியாது என்று தோன்றியது. தங்கபாயிடம் தலைவலி என்று சொல்லியிருக்கிறேன்.

சுந்தரபாண்டியன் சொன்னது நிஜம்தான். "என் தம்பி தேவஇரக்கம் எனக்குத் தெரியாமல் என் பெயரைப் போட்டிருக்கிறான். நான் பணம் எதுவும் கொடுக்கவில்லை. இதுபோல் பல பேருடைய பெயர்களைப் பொய்யாகப் போட்டு வசூல் செய்ததாக அறிகிறேன்." இதுதான் காகிதம். கீழே நான் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தான். போட்டால் மறுநாள் சாவி என் கைக்கு வரும். காகிதம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். மோசடிக் கேஸில் உன்னை உள்ளே வைத்தால் தேர்தல் வரைக்கும் நீ வெளியே வர மாட்டாய். இதை அவன் ஒளிக்கவும் இல்லை. டீ குடித்துக்கொண்டே சொன்னான்.

அந்தக் காகிதத்தில் முதல் இரண்டு வரியும் சத்தியமான உண்மை. உண்மையில் கையெழுத்துப் போட்டு நான் வேலையில் இருந்திருக்கலாம். நான் பொய் சொன்னேன். "எந்தம்பி வந்து கேட்டான். நாந்தான் குடுத்தேன். எங்காசு அஞ்சு ரூவா. வேணும்னா இன்னும் குடுப்பேன், போடா" என்றேன். அவன் பயந்துவிட்டான். கீரை ஆய்ந்துகொண்டிருந்த தங்கபாயும் பயந்துவிட்டாள்.

இதை உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் உண்டு. பெருந்தன்மை எல்லாம் இல்லை. "எந்தம்பி வந்து கேட்டான்" என்று சொன்னேன் பார், அந்த வார்த்தை எனக்கு இன்றைக்கு வரைக்கும் தொண்டையில் நிற்கிறது. நீ வந்து கேட்கவில்லை.

மார்ச் மாதம் நீ ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வசூலுக்கு வந்தாய். தங்கபாய் பார்த்திருக்கிறாள். உன் மில்லில் முன்பு வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போயிருக்கிறாய். எங்கள் தெரு முக்கு வரைக்கும் வந்து, முக்கு வீட்டில் இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு, திரும்பி பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறாய். முன்பின் தெரியாதவன் வாசலில் எல்லாம் நின்று கை நீட்டியிருக்கிறாய். என் வாசலுக்கு வரவில்லை. அக்கா அந்த ஆள் கொடுத்த வேலையில் இருக்கிறாள், அவள் அவன் பக்கம், கேட்டால் திட்டுவாள், பயப்படுவாள் என்று நீயே முடிவு பண்ணிவிட்டாய். சுடலைமாடத்தியைப் பற்றிச் சொல்லாததும் அதனால்தான். பிறந்தநாளுக்கு ஊருக்கே கேட்கிற மாதிரி என் பேரை வாசிக்கச் சொல்வாய். என்னிடம் நேரில் ஒன்றும் சொல்ல மாட்டாய்.

கேட்டிருந்தால் நான் திட்டியிருப்பேன். இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். அதற்குப் பிறகு கொடுத்திருப்பேன். பேர் போடாதே என்று சொல்லிக் கொடுத்திருப்பேன். என் வேலையும் இருந்திருக்கும். இதுதான் என் கோபம். பேர் எழுதியதற்கு மன்னிப்பு, மன்னிப்பு என்று நீ எழுத எழுத எனக்கு எரிச்சல்தான் வந்தது.

வேலை போனதற்கு நான் அழுதிருக்கிறேன். இனிமேலும் அழுவேன், அதைப் பார்த்து நீ தலையில் அடித்துக்கொள்ளாதே. புதிதாக வந்த பெண் நல்லவள்போலத் தெரிகிறது. அந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கத்தரிக்காயைப் பொறுக்கிப் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். நீ வா. ஜெயித்துவிட்டு வருகிறேன், காரணத்தோடு வருகிறேன் என்றெல்லாம் காத்திருக்காமல் அடுத்த ஞாயிறு கையை வீசிக்கொண்டு வா. தெரு முக்கில் நிற்காதே. வாசல் வரைக்கும் வந்து, "அக்கா, அஞ்சு ரூவா குடு" என்று கேள். இல்லை, போ என்று சொல்வேன். போய்விடாதே. மற்ற வீட்டிலெல்லாம் இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் கேட்டிருப்பாயே, அதேபோல் என்னிடமும் நின்று கேள்.

பத்தரை மணி பஸ்ஸுக்கு வந்தால் சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும். நூற்று முப்பத்தேழு பேருக்கு வடித்த கைக்கு ஒரு ஆளுக்கு வடிக்கத் தெரியவில்லை, தம்பி. இரண்டு மாதமாகத் தினமும் சோறு மிஞ்சுகிறது.

அக்கா